பிளானில் மில்லி, தகட்டில் தவ், கடையில் கேஜ்: தகடு வெட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம்

சமயநல்லூர் சுக்கான் எழுதியது:

வணக்கம். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டில் சமயநல்லூர் தாண்டி எங்கள் தோப்பு. அங்கே தேங்காய் போட்டு வைக்கிற தகரக் கொட்டகையைக் காலி செய்து ஜெனித் சிஎச் 701 என்கிற சின்ன விமானம் ஒன்று கட்ட ஆரம்பித்திருக்கிறேன். முழுக்க அலுமினியத் தகடு, இரண்டு பேர் உட்காரலாம், குட்டையான ஓடுபாதை போதும். தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். விமானம் சின்ன வயதிலிருந்தே இருக்கிற கிறுக்கு. மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டியதைப் பேப்பரில் படித்ததிலிருந்து அது முற்றிவிட்டது. அனுமதி, பதிவு பற்றி இங்கே கேட்கவில்லை. அது டிஜிசிஏவோடு (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தனிப் பஞ்சாயத்து. என் சந்தேகம் எல்லாம் டேப்பைப் பற்றியது.

இந்தப் பிளானை வரைந்த கிறிஸ் ஹைன்ட்ஸ் பிரான்ஸில் ராபின் விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கனடாவுக்குப் போனவர். அதனாலோ என்னவோ, நீளம் அகலம் எல்லாம் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறார். ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளி 40 என்றால் 40 மி.மீ. ஆனால் தகட்டின் கனம் அங்குலத்தில்: 0.016, 0.025, 0.032. ரிவெட் ஏ4, ஏ5 என்று இருக்கிறது. ஏ4 என்பது 1/8 அங்குலம், ஏ5 என்பது 5/32. போல்ட் எல்லாம் ஏஎன் வகை (அமெரிக்க விமானப் போல்ட் தரம்), அதுவும் அங்குலம். ஒரே தாளில் இரண்டு குடித்தனம்.

எனக்கு உதவிக்கு இரண்டு பேர். ஒருவன் ஐடிஐ முடித்த அக்கா பையன், மில்லியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இன்னொருவர் எங்கள் பெரியப்பா, கதவு ஜன்னல் செய்கிற ஆசாரி. அவர் நூல் கணக்கில்தான் பேசுவார், எட்டு நூல் ஒரு அங்குலம். நான் 'பன்னிரண்டரை மில்லி' என்றால் அவர் 'நாலு நூல்' என்று வெட்டி நீட்டுவார்.

தகட்டுக்கு விசாரித்தேன். 0.025 கேட்டால் ஒரு சப்ளையர் 0.6 மி.மீ. தருகிறேன் என்கிறார், இன்னொருவர் 0.7. மூன்றாவது ஆள் '22 கேஜ் வாங்கிக்கோங்க, அதுதான் அது' என்கிறார். 22 கேஜ் எனக்குப் பழக்கமான எண்தான், காயில் கம்பியில் தினமும் பார்க்கிறேன். ஆனால் தகட்டுக்கும் அதே கணக்கா?

டிரில் பிட் இன்னொரு தலைவலி. பிளானில் 30ஆம் நம்பர், 20ஆம் நம்பர் என்று இருக்கிறது. மாசி வீதியில் கேட்டால் 'நம்பர் பிட்டா, மில்லி சொல்லுங்க' என்கிறார்கள். ஏஎன்3 போல்ட்டுக்குப் பதில் எம்5 (5 மி.மீ. போல்ட்) போட்டால் என்ன என்று பையன் கேட்கிறான். ஏஎன்3 விட்டம் 3/16 அங்குலம், அது 4.76 மி.மீ.; எம்5 கொஞ்சம் தடிமன்தானே, பலம் கூடத்தானே செய்யும் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

மொத்தப் பிளானையும் உட்கார்ந்து மில்லிக்கு மாற்றி வரைந்துவிடலாமா? இல்லை எல்லாவற்றையும் அங்குலமாக்கிவிடலாமா?

---

மில்லி மட்டும் எழுதியது:

சொந்த ஊர் மேலூர், வேலை கோவையில், டிசைன் பிரிவு. யோசிக்கவே வேண்டாம், எல்லாவற்றையும் மில்லிக்கு மாற்றுங்கள். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., மிச்சம் மீதி இல்லாத கணக்கு. 1959லேயே அமெரிக்காவும் பிரிட்டனும் மற்ற நாடுகளும் ஒப்புக்கொண்டு முடித்த விஷயம். கம்ப்யூட்டரில் கேட் (CAD) மென்பொருளில் வரைந்து இரண்டு தசம இடம் வரைக்கும் போட்டுப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். டேப்பில் அங்குலப் பக்கத்தை மார்க்கர் வைத்து அழித்துவிடுங்கள். பெரியப்பாவுக்கும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்கிக் கொடுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

பட்டறையில் இரண்டு அலகு இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது தப்பான பக்கத்தைப் படிப்பார்கள். அது யார், எந்தப் பாகத்தில் என்பதுதான் தெரியாது.

---

புதூர் லேத் எழுதியது:

தம்பி, மேலே எழுதினவர் சொன்ன கடைசி வரி சரி. அதற்கு அவர் சொன்ன மருந்து சரியில்லை.

பிளானைத் திருத்தி வரையாதே. வரைந்த மனுஷன் எந்த அலகில் எழுதினாரோ அந்த அலகிலேயே அளந்து வெட்டு. 40 என்றால் மில்லி ஸ்கேலை எடு. 0.025 என்றால் இஞ்ச் மைக்ரோமீட்டரை எடு. மாற்றுகிற கணக்கு கடை வாசலோடு முடிந்துவிட வேண்டும், கொட்டகைக்குள் கால்குலேட்டர் வரக்கூடாது. நீ நூறு எண்ணை மாற்றினால் நூறு இடத்தில் ரவுண்டு போடுவாய். 40 மில்லியைப் பெரியப்பா பாஷையில் பன்னிரண்டரை நூல் என்று வைத்துக்கொள். அது 39.69. ஒரு ஓட்டைக்கு 0.31 தானே என்று தோன்றும். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்ததை அளந்து அளந்து ஐம்பது ஓட்டை போனால் பதினைந்தரை மில்லி காணாமல் போயிருக்கும். கடைசி ஓட்டை ரிப்பின் (ரெக்கைக்குள் வருகிற விலாச் சட்டம்) ஓரத்தில் விழும். ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டு ஓரத்துக்கு ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும் என்பது தெரியும்தானே, அது அங்கே அம்பேல். இடைவெளியை எப்போதும் முதல் புள்ளியிலிருந்தே கூட்டிக் கூட்டி அளக்க வேண்டும்: 40, 80, 120 என்று. அது எந்த அலகானாலும் பொருந்தும்.

அப்புறம், பெரியப்பாவை மாற்றப் பார்க்காதே. அவரைப் போல்ட் பெட்டிக்கு அதிபதியாக்கு. நான் சொல்வதைக் கேட்டால் சிரிப்பாய். ஏஎன் நம்பர் முழுக்க ஆசாரி கணக்குதான். நமக்கு எட்டு நூல் ஒரு இஞ்ச். ஏஎன் போல்ட்டின் முதல் எண் விட்டம், இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது அரை நூல். ஏஎன்3 என்றால் ஒன்றரை நூல் போல்ட். ஏஎன்4 இரண்டு நூல், ஏஎன்5 இரண்டரை, ஏஎன்6 மூன்று நூல். கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் நீளம், அது சுத்தமாக நூல்தான். ஏஎன்4-7 என்றால் சுமார் ஏழு நூல் நீளம். அதற்கு அடுத்தது ஏஎன்4-8 என்று தேடாதே, கிடையாது. எட்டு நூல் ஆனதும் ஒரு இஞ்ச் என்று எழுதுவார்கள்: ஏஎன்4-10, ஒரு இஞ்ச் பூஜ்யம் நூல். ஏஎன்4-13 என்றால் ஒரு இஞ்ச் மூன்று நூல். புத்தகம் படித்த பையன் பதின்மூன்று மில்லியா என்று கேட்பான், பெரியப்பா கையை விட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். ரிவெட்டும் அப்படியே: அடித்துப் பரத்துகிற கெட்டி ரிவெட்டில் விட்டம் கால் நூல் கணக்கு, நீளம் அரை நூல் கணக்கு. ஆனால் போல்ட்டில் மரை இல்லாத பாகத்தின் நீளம் வேறு, அதை மட்டும் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தகட்டுக்குள் மரை உட்காரக்கூடாது.

டிரில் பிட் பெரிய பிரச்சினையே இல்லை. நம்பர் பிட்டில் எண் ஏற ஏறப் பிட் மெலியும், அதை மட்டும் மனசில் வை. 40ஆம் நம்பர் 2.49, நீ 2.5 வாங்கு. 30ஆம் நம்பர் 3.26, அதற்கு 3.3. 20ஆம் நம்பர் 4.09, அதற்கு 4.1. ஏஎன்3 போல்ட்டுக்கு 12ஆம் நம்பர், அது 4.80. நம்மூர் 4.8 அச்சு அசல் அதுவேதான். கால் இஞ்சுக்கு மட்டும் சமாளிக்காதே. 6.2 போட்டுவிட்டுக் கால் இஞ்ச் ரீமர் விட்டு ஓட்டையைச் சரியளவாக்கு. வாங்கினதும் ஒவ்வொரு பிட்டையும் வெர்னியரில் பிடித்துப் பார். உறையில் எழுதினதை நம்பாதே. முனை ஒருபக்கமாகச் சாணை பிடித்த 3.3 பிட், தகட்டில் 3.5 ஓட்டை போடும்.

இப்போது கேஜ். இங்கேதான் நீ மாட்டியிருப்பாய். உன் காயில் கம்பியும் நம்மூர்த் தகடும் இங்கிலாந்து கேஜ். அதில் 22 என்றால் 28 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 0.71 மி.மீ. அமெரிக்காக்காரன் அலுமினியத் தகட்டுக்குப் பிரவுன் அண்ட் ஷார்ப் கேஜ் என்று வேறொன்று வைத்திருக்கிறான். அவனுடைய 22 என்றால் 25 தவ், 0.64. எண் ஒன்று, தகடு வேறு. 20 எடுத்தால் நமக்கு 36 தவ், அவனுக்கு 32. 18 எடுத்தால் நமக்கு 48, அவனுக்கு 40. அவன் எழுதினதைப் படித்துவிட்டு இங்கே வந்து கேஜ் கேட்டால் விமானம் குண்டாகிவிடும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று 0.025ல் 5.1 கிலோ, நம்மூர் 22 கேஜில் 5.7. ஒரு தகட்டுக்கு 600 கிராம், மொத்தத் தகட்டுக்கும் நீயே கணக்குப் போட்டுக்கொள். அதனால் கேஜ் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதே. கடையில் மில்லி சொல், கையோடு மைக்ரோமீட்டர் கொண்டு போ, தகட்டின் நாலு மூலையிலும் அளந்து பார்.

0.6 வேண்டாம். 0.635க்கு 0.6 சும்மா ஐந்து சதவீதம்தானே என்பார்கள். தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடியில் போகும். ஐந்து சதவீதம் மெலிந்தால் விறைப்பு பதினாறு சதவீதம் போச்சு. 0.8 மட்டும் 0.032க்குக் கிட்டத்தட்டச் சமம், அது 0.813. இருந்தாலும் டிசைன் ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு வாங்கு.

கனம் சரியாக இருந்தும் தகடு தப்பாக இருக்கலாம். பிளான் கேட்பது 6061-டி6 என்கிற பலமான அலுமினியக் கலவை. பாத்திரத்துக்கும் பலகைக்கும் போகிற சாதா அலுமினியம் அதில் பாதிப் பலம்கூட நிற்காது. மில் சான்றிதழ் (தகடு செய்த ஆலை தருவது) இல்லாத தகட்டைக் கொட்டகைக்குள் ஏற்றாதே. கடைப் பாப் ரிவெட்டும் இதே கதை. 3.2 என்பது 1/8 தான், 4.0 என்பது 5/32 தான், அளவு கச்சிதமாகப் பொருந்தும். உலோகம் வேறு. போர்டு மாட்ட ஆகும், ரெக்கைக்கு ஆகாது.

நான் கே.புதூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். என் லேத்தின் லீடு ஸ்க்ரூ (மரை வெட்டும்போது உளியை நகர்த்துகிற திருகு) இஞ்சுக்கு எட்டு மரை. அதில் மில்லி மரை வெட்ட வேண்டுமென்றால் 127 பல் வீல் ஒன்றை மாட்ட வேண்டும். 127 ஏன் என்றால், 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் வருவது அது, அதைவிடச் சின்ன முழு எண்ணில் அடங்காது. ஒரே ஒரு வீல். இரண்டு உலகத்துக்கும் நடுவில் அது மட்டும்தான் மாறுகிறது, மெஷினில் வேறெதையும் தொடுவதில்லை. உன் கொட்டகைக்கும் அப்படி ஒரே இடம் வை: வாங்குகிற பில் நோட்டு. அதில் மட்டும் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

எம்5 விஷயத்தை வேறு யாராவது சொல்லட்டும், எனக்கு ஆர்டர் நிற்கிறது.

---

சமயநல்லூர் சுக்கான் எழுதியது:

அண்ணே, பெரியப்பாவிடம் ஏஎன்4-13 என்று எழுதிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். 'ஒரு இஞ்ச் மூணு நூல்தானே, இதுக்கா இவ்வளவு பேச்சு' என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

22 கேஜ் வாங்க அட்வான்ஸ் கொடுக்கிற நிலையில்தான் இங்கே எழுதினேன். நிறுத்திவிட்டேன். எம்5 பற்றி யாராவது சொல்லுங்கள், பையன் விடமாட்டேன் என்கிறான்.

---

திருநகர் ஹேங்கர் எழுதியது:

விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஏஎன்3 போல்ட்டின் மரைக்குப் பெயர் 10-32. இஞ்சுக்கு 32 மரை, அப்படியானால் மரைக்கு மரை 0.794 மி.மீ. எம்5 போல்ட்டில் மரைக்கு மரை 0.8. வித்தியாசம் ஒரு மரைக்கு ஆறு மைக்ரான். மரையின் வெளி விட்டம் 4.83, எம்5க்கு 5.0. ஆக, ஏஎன்3 போல்ட்டை எம்5 நட்டுக்குள் விட்டால் போகும். விரலாலேயே சரசரவென்று ஓடும். சாதா நட்டாக இருந்தால் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது தளதளவென்று ஆடும், அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் விமானத்தில் போடுவது நைலான் வளையம் வைத்த நட்டு. நைலான் கவ்விப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் தெரியாது. இறுக்கமாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே மரை நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருக்கும். இழுவை வரும்போது உருவிக்கொள்ளும். மாற்றி, எம்5 போல்ட்டை 10-32 நட்டுக்குள் விட்டால் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். அது நல்ல தப்பு, உடனே கண்டுபிடித்துவிடலாம். முதல் தப்பு பேசாமல் இருக்கும்.

'முழுக்க எம்5ஏ போடுகிறேன், நட்டும் எம்5' என்று பையன் கேட்பான். அப்போது 4.8 ஓட்டையை 5க்குப் பெருக்க வேண்டும், பிளானில் கணக்குப் போட்ட ஓர இடைவெளி குறையும். கடையில் கிடைக்கிற எம்5இல் பாதிக்கு மேல் தலைவரைக்கும் மரை வெட்டியிருக்கும், மரை போய்த் தகட்டில் உட்காரும், லேத் அண்ணன் சொன்ன அதே விஷயம். ஏஎன் போல்ட்டின் இழுவிசைப் பலம் சதுர இஞ்சுக்கு 1,25,000 பவுண்டு, நம் கணக்கில் 860 மெகாபாஸ்கல். தலையில் எண் எதுவும் இல்லாத எம்5 அதன் பக்கத்தில்கூட வராது. மாசி வீதியில் 'கால் இஞ்ச் போல்ட்' என்று கேட்டால் பெரும்பாலும் விட்வொர்த் என்கிற பழைய இங்கிலாந்து மரை கொடுப்பார்கள், இஞ்சுக்கு 20, கோணம் 55 டிகிரி. ஏஎன்4 என்பது இஞ்சுக்கு 28, கோணம் 60. அதையும் வாங்கி வந்துவிடாதீர்கள்.

பக்கத்துச் சைஸ் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன், நாங்கள் வேலைக்குச் சேருகிற பசங்களுக்கு எல்லாம் சொல்வது. 1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் மாலகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி ஒன்-லெவன் விமானம். 17,300 அடியில் ஏறிக்கொண்டிருக்கும்போது கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி பெயர்ந்து பறந்துவிட்டது. கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுபட்டுத் தொங்க, விமானப் பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டார். பறப்பதற்கு 27 மணி நேரம் முன்னால்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டத்தில் 26 தவ் குறைச்சல், அதாவது 0.66 மி.மீ. மிச்சம் ஆறு போல்ட் நீளம் குறைவு. அங்கே மில்லி-இஞ்ச் தகராறே இல்லை. இரண்டுமே இஞ்ச், இரண்டுமே இஞ்சுக்கு 32 மரை, பக்கத்துப் பக்கத்துச் சைஸ். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டு எடுத்ததுதான் காரணம். உங்கள் ஏஎன்3க்கும் எம்5க்கும் உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் ஸ்பேனருக்குத் தெரியும். எம்5 தலைக்கு 8 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும். ஏஎன்3 தலை 3/8 இஞ்ச், 9.5 மி.மீ. ஒரு 8 ஸ்பேனரைக் கொட்டகை வாசலில் கட்டித் தொங்கவிடுங்கள். அது பிடிக்கிற எதுவும் உள்ளே வரக்கூடாது. எம்6 தலை 10, ஏஎன்4 தலை 11.1, அதுவும் பிரித்துவிடலாம். ஏமாற்றுவது எம்8 மட்டும்தான். அதற்கு 13 ஸ்பேனர், ஏஎன்5 தலை 12.7, அதே 13 ஸ்பேனர் இரண்டுக்கும் பிடிக்கும். அங்கே தலையைப் பாருங்கள்: ஏஎன் இரும்பு போல்ட் தலையில் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கோடுகள் புடைத்திருக்கும், மில்லி போல்ட்டில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்கும்.

வேலைக்கு 3/8, 7/16, 1/2 இஞ்ச் ஸ்பேனர் மூன்றும் வாங்கிவிடுங்கள். 10 ஸ்பேனரால் ஏஎன்3ஐ முடுக்கினால் தலையின் முனை மழுங்கும். பழைய ஜீப் வேலை பார்க்கிற மெக்கானிக்கிடம் இந்தச் சைஸ் எல்லாம் இருக்கும். 1/4 என்று மட்டும் எழுதின மிகப் பழைய ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது விட்வொர்த், அதன் வாய் 13.3 மி.மீ. திறக்கும்.

---

மில்லி மட்டும் எழுதியது:

போல்ட் விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஹார்டுவேரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, டிராயிங்கைத்தான் சொன்னேன். அதில் இன்னும் பின்வாங்கத் தயாரில்லை. ஏற்கெனவே நீளம் எல்லாம் மில்லியில் இருக்கிற பிளானில் மாற்ற வேண்டியது கனம் மட்டும்தான். 0.016 என்பது 0.41, 0.025 என்பது 0.64, 0.032 என்பது 0.81. ஒரு சின்ன அட்டையில் எழுதிவிட்டால் ஐடிஐ பையன் தனியாகவே வேலை பார்ப்பான். அவன் ஒவ்வொரு தடவையும் இஞ்ச் மைக்ரோமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா?

தகரக் கொட்டகை என்றதால் இன்னொன்று. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், இரும்பு டேப் 12 தான் நீளும். 12 அடித் தகட்டைக் காலையில் 25 டிகிரியில் அளந்துவிட்டு, மத்தியானம் 40 டிகிரியில் அதே டேப்பால் அளந்தால் 0.6 மி.மீ. கூடுதலாகக் காட்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அதற்கு மேலும் ஏறும். ரெக்கையின் மேல்தகடான தோலையும் அதன் அடியில் வருகிற ஸ்பாரையும் (ரெக்கையின் முதுகெலும்புச் சட்டம்) ஒரே வேளையில் குறியிடுங்கள், இரண்டையும் கிளீகோ என்கிற தற்காலிகப் பிடிப்பான் போட்டுச் சேர்த்து வைத்தே ஓட்டை போடுங்கள். 3.26ஆ 3.3ஆ என்று நாம் அடித்துக்கொள்வதைவிட இது பெரிய எண்.

---

புதூர் லேத் எழுதியது:

சூட்டுக் கணக்கு நல்ல கணக்கு. அட்டை எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எழுதினவர் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கட்டும். டிராயிங் தாளில் மட்டும் பேனா படக்கூடாது.

---

சமயநல்லூர் சுக்கான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பையன் இப்போது வாயைத் திறப்பதில்லை. 8 ஸ்பேனர் வாசலில் தொங்குகிறது, தேங்காய் ஏற்ற வருகிறவர்கள் என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள்.

இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நீளம் எல்லாம் பிளானில் உள்ளபடி மில்லி, பையன் பொறுப்பு. போல்ட், நட்டு, ரிவெட் பெட்டி பெரியப்பா பொறுப்பு, நம்பரைப் படித்துத்தான் எடுப்பார், கண்ணால் ஒப்பிட்டு இல்லை. இன்ஜின் பின்னாடிதான் வரும், ரோடாக்ஸ் 912 என்று நினைப்பு. அது ஆஸ்திரியாக்காரன் சரக்கு, முழுக்க மில்லி. ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் வருகிற தீத்தடுப்புத் தகடு) முன்னால் மில்லி ஸ்பேனர், பின்னால் இஞ்ச் ஸ்பேனர், இரண்டு தனித்தனிப் பெட்டி. சரிதானே?

இன்னொரு கேள்வி பாக்கி. என்னிடம் இருக்கிற டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து முடுக்குகிற ஸ்பேனர்), கார் வேலைக்கு வாங்கினது, 20 நியூட்டன் மீட்டரில் ஆரம்பிக்கிறது. பிளானோடு வந்த அட்டவணையில் ஏஎன்3க்கு 20-25 என்று இருக்கிறது. அப்போது இதையே வைத்து முடுக்கலாமா?

---

திருநகர் ஹேங்கர் எழுதியது:

கூடவே கூடாது. அந்த 20-25 இஞ்ச்-பவுண்டு. ஒரு இஞ்ச்-பவுண்டு என்பது 0.113 நியூட்டன் மீட்டர்தான். ஏஎன்3க்கு வேண்டியது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். உங்கள் ரெஞ்ச் முதல் கோட்டைத் தொடுவதற்கு முன்பே போல்ட் முறிந்து கையில் வரும். ஏஎன்4க்கு 50-70 இஞ்ச்-பவுண்டு, அது 5.6 முதல் 7.9. ஏஎன்5க்கு 100-140, அது 11.3 முதல் 15.8. மூன்றுமே உங்கள் ரெஞ்சுக்குக் கீழே. அமெரிக்க மேனுவல் எதைப் படித்தாலும் இஞ்ச்-பவுண்டா அடி-பவுண்டா என்று அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

கால் இஞ்ச் டிரைவ் வைத்த சின்ன ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள், 2இலிருந்து 20 வரை போகிற மாதிரி. ஏஎன்3 அதன் அடிமட்டத்தில் வருவதால், அதற்கு மட்டும் முள் காட்டுகிற பீம் வகை கிடைத்தால் நல்லது. நைலான் நட்டு சும்மா சுற்றும்போதே கொஞ்சம் முறுக்கு கேட்கும். நட்டு தகட்டைத் தொடுவதற்கு முன்னால் அது எவ்வளவு என்று பார்த்து, அட்டவணை எண்ணோடு கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்த வரைக்கும் நட்டுப் பக்கம்தான் முடுக்க வேண்டும், போல்ட் தலைப் பக்கம் இல்லை.

ஃபயர்வால் எல்லை பற்றி: இன்ஜின் மவுண்டை ஃபயர்வாலில் பிடிக்கிற போல்ட் ஏஎன் வகைதான் வரும், அது முன்னால் இருந்தாலும் இஞ்ச் பெட்டியில்தான். ரோடாக்ஸில் புரொப்பெல்லர் மாட்டுகிற தட்டான ஃபிளாஞ்சிலும் கவனம். அதில் ஓட்டை வட்டம் 75, 80, 101.6 என்று மூன்று இருக்கும். அந்த 101.6 என்பது நாலு இஞ்ச். புரொப்பெல்லர் வாங்கும்போது எந்த வட்டம் என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

---

புதூர் லேத் எழுதியது:

மில் சான்றிதழ் வந்ததும் தகட்டுத் துண்டு இரண்டு கொண்டு வா. 3.3 பிட்டில் ஓட்டை போட்டு, ஏ4 ரிவெட் அடித்து, வைஸில் பிடித்து இழுத்துக் கிழித்துப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வராதே, பவர் கட்.